நிறுவாமல் பார்க்க

டான்டினோங்கில் பெருங்குப்பை எடுக்கும் கிழமை.
தெருவோரம் மெத்தைகள், கால் போன டிராம்போலின்,
ஒரு சாய்கதிரையின் மடியில்
சார்ஜரோடு சுருட்டி வைத்த மடிக்கணினி.
இரவு வேலை முடிந்து வந்த எனக்கு
எடுப்பது களவா இல்லையா என்று பிடிபடவில்லை.
எடுத்தேன்.

திறந்தால் விண்டோஸ் நாலு நிமிடம் மூச்சு வாங்கிற்று.
பிறகு நீலத்தில் ஓர் அறிவித்தல்:
இந்தக் கணினி புதிய பதிப்புக்குத் தகுதி பெறவில்லை.
காரணங்கள் கீழே.

அந்த நடை எனக்குப் பழக்கம்.
அதே மரியாதை, அதே குளிர்.
குடிவரவுத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கிற ஆள்
பகுதி நேரமாக இங்கேயும் எழுதுகிறான் போல.

கோழித் தொழிற்சாலையில் என் பக்கத்தில் தொடை வெட்டும் மெஹ்தி
லினக்ஸ் போடு என்றான்.
எந்த லினக்ஸ்?
அங்கேதான் தொடங்கியது வினை.
உபுண்டு போட்டால் நாலு ஜிபி ராமுக்கு மூச்சு முட்டும்.
லுபுண்டு இறகு மாதிரி, முகம் மட்டும் ஆஸ்பத்திரிச் சுவர்.
சோரின், விண்டோஸின் ஒன்றுவிட்ட தங்கச்சி, அலங்காரம் கூட.
பப்பி என்று ஒன்று, சிரிக்காதே,
செத்த கணினியையும் எழுப்பி வாலாட்ட வைக்கும்,
ஆனால் உனக்கு இப்போது வேண்டாம்.
கத்தியை ஆட்டி ஆட்டி அவன் விளக்க
மேற்பார்வைக்காரி லொரெய்ன் பின்னால் வந்து நின்றாள்.
இடைவேளையில் கையுறை கழற்றி
என் உள்ளங்கையில் பேனையால் எழுதினான்:
மின்ட். எக்ஸ்எஃப்சிஇ.

பென்டிரைவ் பதினொரு டொலர்.
எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டச் சொன்னான்,
வாடகை கேட்டு வந்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி.
தட்டினேன். பச்சையாய் ஒன்று எழுந்தது.

நிறுவாமலே பாவிக்கலாமாம்.
வன்தட்டில் ஒரு கீறல் விழாது.
அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

மூன்று கிழமை அப்படியே ஓட்டினேன்.
ஒவ்வொரு நாளும் வைஃபைக் கடவுச்சொல் புதிதாக.
ஒவ்வொரு நாளும் கடிகாரம் பத்து மணித்தியாலம் பிந்தி,
யாருடைய ஊர் நேரமோ அது.
திரை மூலையில் ஒரு சின்னம்: நிறுவு.
தொடவில்லை.

ஏன் இன்னும் என்றான் மெஹ்தி.
பழகிவிட்டது என்றேன்.
பதின்மூன்று வருடம் இடைக்கால வீசாவில் இருக்கிறேன்.
மெத்தை தரையில்.
சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை.
அறைத்தோழன் ஞானரூபன் எலுமிச்சங்கன்று வாங்கி வந்தபோது
காய்க்க எத்தனை வருடம் என்று கேட்டேன்.
அவனுக்கும் அதே வீசாதான்.
பதில் சொல்லாமல் குழி வெட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சின்னத்தைச் சொடுக்கினேன்.
வட்டில் உள்ளதெல்லாம் அழியும் என்றது.
நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன்.
யாரோ ஒருவரின் வரிக்கணக்கு, திறக்கவில்லை.
ஒரு மண்ணிற நாயின் படங்கள் இருநூற்றுச் சொச்சம்.
ஒன்றை மட்டும் என் போனுக்கு மாற்றினேன்.
நாயின் பெயர் தெரியாது.

மறுபடி தொடங்கினேன்.
மொழிப் பட்டியலை இறக்கிக்கொண்டே போனால்
தெலுங்குக்கு மேலே, தன் வரிசையில், தமிழ்.
அதற்கப்புறம் ஒரு முழு உலக வரைபடம்.
நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?
மெல்பேர்னில் சொடுக்கினேன்.
சரி என்றது.
எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை,
படகின் இலக்கமும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு நிமிடம்.
ஞானரூபன் மீன் பொரித்து முடித்தான்.
பென்டிரைவைக் கழற்றிவிட்டு என்டரைத் தட்டவும் என்று வந்தது.
கழற்ற மனம் வரவில்லை,
பொய்க்காலை இழுத்தெடுக்கிற மாதிரி இருந்தது.
இழுத்தேன். கையில் சுட்டது.

விடிய எழும்பித் திறந்தேன்.
கடிகாரம் சரியாக நின்றது.
வைஃபை தானாகவே பிடித்தது, என்னைக் கேட்காமல்.
என் வீசா நவம்பர் மட்டும்.
ஸ்பீக்கரில் இன்னும் சத்தம் வரவில்லை;
அதை மெஹ்தியிடம்தான் கேட்க வேண்டும்.